‘தன்’ எங்கே முடிகிறது? – குடல் அழற்சி நோயை முன்வைத்து

“உங்க உடம்பே உங்களை எதிரின்னு நெனச்சு அடிக்குது சார்.” 1998ஆம் வருஷம் ஒரு மருத்துவர் என்னிடம் சொன்ன வாக்கியம் இது. நல்ல மனிதர். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது காகிதத்தை இழுத்துக் குடலைப் படமாக வரைந்து காட்டினார். படம் எனக்கு மறந்துபோய்விட்டது. வாக்கியம் மட்டும் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகக் கூடவே இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு, தன்னை அடிக்கிறவனும் தான்தான் என்று தெரிவது என்ன மாதிரியான அறிவு? யாரிடம் போய் முறையிடுவது? இந்தக் கட்டுரைக்கு அந்த எரிச்சல்தான் தொடக்கம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாக்கியத்துக்கு முன்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது. “குடல் டி.பி. ஒம்போது மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்.” சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண், சதையை எடுத்துப் பார்த்தால் உருண்டை உருண்டையாகத் திரண்ட அணுக்கள். நம் நாட்டில் இதைப் பார்த்ததும் காசநோய் என்று சந்தேகிப்பதில் தப்பில்லை. காசநோயும் குரோன் நோயும் நுண்ணோக்கியில்கூட ஒன்றையொன்று நடிக்கக்கூடியவை. எதுவென்று தெரியாதபோது டி.பி. மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது இன்றுவரை இங்கே உள்ள வழக்கம். சாப்பிட்டேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, எடை 41 கிலோவுக்கு இறங்கியது, புண் ஆறவில்லை. மறுபடி குழாய் விட்டுப் பார்த்து, மறுபடி சதை எடுத்து, நோயின் பெயரை மாற்றினார்கள். ஒன்பது மாதத்தில் எதிரி வெளியிலிருந்து உள்ளே குடிபெயர்ந்துவிட்டான்.

என் அம்மாவுக்கு இந்த இரண்டு கதையிலும் நம்பிக்கை கிடையாது. “எவளோ இடுமருந்து வச்சிட்டாடா” என்பதுதான் அவளுடைய முடிவு. சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் சரியாகும். மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிக்கொண்டும் போனாள். அவர் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, மயிரும் பிசினுமாக ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டினார். நான் அப்போது சிரித்தேன். இந்த நோயின் எழுதப்பட்ட வரலாற்றைப் படித்தபோது சிரிப்பு போய்விட்டது. ஏன்னா அந்த வரலாறும் ஒரு இடுமருந்து வழக்கில்தான் தொடங்குகிறது.

*

லண்டனுக்குப் பக்கத்தில் ரிச்மண்ட், 1859. ஐசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண், நாற்பதைத் தாண்டியவள், கையில் கொஞ்சம் சொத்து உள்ளவள். தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட் என்ற மருத்துவனோடு வாழ்கிறாள். அவனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. முந்தின டிசம்பரில் இவளையும் சட்டவிரோதமாகக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறான். மார்ச் கடைசியில் இவளுக்கு வாந்தியும் பேதியும் தொடங்குகிறது. என்ன கொடுத்தாலும் நிற்கவில்லை. சாவதற்குச் சில நாள் முன்னால் சொத்தை அவன் பேருக்கு உயில் எழுதுகிறாள். மே 3ஆம் தேதி சாகிறாள். பார்த்த மருத்துவர்களுக்குச் சந்தேகம். கைதாகிறான்.

அரசுத் தரப்பின் நச்சியல் நிபுணர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் விஷம் என்றால் டெய்லர் பெயர்தான். வீட்டிலிருந்து எடுத்த குப்பிகளில் ஒன்றில் ஆர்சனிக் இருக்கிறது என்று சொன்னார். அவர் பயன்படுத்தியது ரைன்ஷ் சோதனை. சந்தேகத்துக்குரிய திரவத்தை அமிலத்தோடு சேர்த்து அதில் செம்புக் கம்பியைப் போட்டால் ஆர்சனிக் கம்பியின்மேல் கறுப்பாகப் படியும். பிறகு, வழக்கு விசாரணைக்குள்ளேயே, உண்மை வெளிவந்தது. அந்தக் குப்பியில் இருந்த பொட்டாசியம் குளோரேட் செம்பை அரித்துக் கரைத்திருக்கிறது. செம்பு சுத்தமானதில்லை, அதற்குள்ளேயே ஆர்சனிக் கலந்திருந்தது. டெய்லர் கண்டுபிடித்தது தன் கம்பியில் இருந்த விஷத்தை. அதை அவரே ஒத்துக்கொண்டார். அப்படியும் ஆகஸ்டில் ஸ்மெத்தர்ஸ்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அவனுடைய ஒழுக்கம் அப்படி. ஜூரிகளுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

மருத்துவர்களும் பத்திரிகைகளும் கூச்சல் போட, உள்துறை அமைச்சர் வழக்கை பெஞ்சமின் பிராடி என்ற மூத்த அறுவை மருத்துவரின் பார்வைக்கு அனுப்பினார். குற்றம் நிரூபணமாகவில்லை என்றார் பிராடி. மன்னிப்புக் கிடைத்தது. உடனே இருதார மணத்துக்காகப் பிடித்து ஒரு வருஷம் உள்ளே போட்டார்கள். பின்னால் வெளியே வந்து உயில் வழக்கையும் நடத்தி ஜெயித்தான் என்பது தனிக்கதை.

நமக்கு வேண்டியது கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் அந்தப் பெண்ணின் குடலைப் பார்த்து 1859இல் எழுதிய கடிதம். ‘மெடிக்கல் டைம்ஸ் அண்ட் கெஸட்’ இதழில் வந்தது. சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் அழற்சி, புண்கள். வெளியிலிருந்து காரணம் தெரியாமல் தானாகவே வந்த நோய் இது என்பது அவர் கருத்து. அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்ற பெருங்குடல் புண் நோயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கடிதத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். வில்க்ஸ் விவரித்த குடலைப் படித்த பிற்கால மருத்துவர்கள் பலர், அது இன்றைய கணக்கில் குரோன் நோயாக இருக்கும் என்கிறார்கள். ஆக, ‘வெளியிலிருந்து யாரும் வைக்கவில்லை’ என்று சொல்லவேண்டிய அவசியத்தில், ஒரு ஆணின் கழுத்தில் கயிறு தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இந்த நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. செத்துப்போனவள் கர்ப்பமாக இருந்தாள் என்பதைப் பிரேதப் பரிசோதனை சொன்னது. அது இந்த வரலாறுகளில் ஓரத்தில் மட்டுமே வருகிறது.

‘தானாக’ என்ற சொல்லைக் கவனிக்கணும். வில்க்ஸுக்கு அது காரணம் தெரியவில்லை என்பதன் மறுபெயர். நூறு வருஷத்தில் அந்தத் ‘தான்’ குற்றவாளியாக மாறியது எப்படி என்பதுதான் கேள்வி.

*

நோய் எதிர்ப்பு என்று நாம் சொல்கிறதை ஐரோப்பிய மொழிகள் இம்யூனிட்டி என்கின்றன. லத்தீனில் அது சட்டச் சொல். வரியிலிருந்தும் ஊர்க் கடமைகளிலிருந்தும் விலக்கு. நம்ம சோழர் கல்வெட்டுகளில் வருகிற ‘இறையிலி’தான் அதற்கு நேர் சொல். பிரமதேயமும் தேவதானமும் பள்ளிச்சந்தமும் அந்த அர்த்தத்தில் இம்யூன். அம்மை வந்து பிழைத்தவனுக்கு மறுபடி வராது என்பதை ‘விலக்கு’ என்று ஐரோப்பியர்கள் சொல்லிவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த விலக்கு ஒரு படையாக மாறியது. கிருமி படையெடுக்கிறது, உடல் எதிர்த்து நிற்கிறது. தமிழில் நாம் மொழிபெயர்த்தபோது விலக்கு என்ற பழைய அர்த்தம் வந்துசேரவே இல்லை. ‘எதிர்ப்பு’ மட்டும் வந்தது. தமிழில் சிந்திக்கிறவனுக்கு இது ஆரம்பத்திலிருந்தே யுத்தம்.

இந்த யுத்தத்தில் ஒரு பயம் உண்டு. படை தன் ஊரையே கொளுத்திவிட்டால்? ஜெர்மனியில் பால் எர்லிஹ்ஷும் ஜூலியஸ் மார்கென்ராத்தும் 1900ஐ ஒட்டி ஆடுகளின் ரத்தத்தை வைத்துச் சோதனை செய்தார்கள். ஒரு ஆட்டுக்கு இன்னொரு ஆட்டின் ரத்தத்தை ஏற்றினால் அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாகிறது. தன் ரத்தத்துக்கு எதிராக மட்டும் உண்டாவதில்லை. இதற்கு எர்லிஹ் ‘ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்’ என்று பெயர் வைத்தார். தனக்குத் தானே நஞ்சாவதில் உடம்புக்கு உள்ள அச்சம். அவர் சொன்னது கொஞ்சம் நுட்பமானது. அப்படி ஒன்று உண்டானாலும் அதைக் கட்டுப்படுத்த ஏதோ ஏற்பாடு இருக்கவேண்டும் என்றார். வாசித்தவர்கள் ‘அப்படி நடக்கவே நடக்காது’ என்று படித்துக்கொண்டார்கள். 1904இலேயே வியன்னாவில் டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிர் பட்டால் தன் சிவப்பணுக்களைத் தானே சிதைத்துக்கொள்ளும் ஒரு நோயில், அப்படிப்பட்ட எதிர்ப்பொருளைக் காட்டினார்கள். ஆனாலும் அந்தத் தப்பான வாசிப்பு அரை நூற்றாண்டு சட்டமாக இருந்தது. பிரதி ஒன்று, வாசிப்பு ஒன்று என்பது இலக்கியத்தில் மட்டும் நடக்கிற விஷயமில்லை.

அந்த அரை நூற்றாண்டில் குடல் நோயின் எதிரியை வேறு இடங்களில் தேடினார்கள். 1913இல் கிளாஸ்கோவின் டால்ஸியல் என்ற அறுவை மருத்துவர், மாடுகளுக்கு வருகிற யோனே நோயைப் போலவே மனிதக் குடலிலும் இருக்கிறதே என்று எழுதினார். மாட்டு நோய்க்கு ஒரு பாக்டீரியா காரணம், அது காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரன். மனிதனிடம் தேடினார், அகப்படவில்லை. 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அகரவரிசையில் முதலில் நின்றவரின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. மூவரும் இதைக் காசநோயிலிருந்து பிரித்துக் காட்டத்தான் பாடுபட்டார்கள். எனக்கு 1997இல் நடந்த பரீட்சை நியூயார்க்கில் 1932இலேயே நடந்தாயிற்று.

இன்னொரு பக்கம் மனம். 1930இல் நியூயார்க்கில் சி. டி. மர்ரே பெருங்குடல் புண் நோயாளிகளின் மனச்சிக்கல்களைப் பற்றி எழுதியதில் தொடங்கி, தாயை விட்டுப் பிரிய முடியாதவர்கள், கோபத்தை விழுங்குகிறவர்கள், முதிர்ச்சியற்றவர்கள் என்று இந்த நோயாளிகளுக்கு ஒரு குணச்சித்திரமே எழுதப்பட்டது. சிகாகோவின் ஃபிரான்ஸ் அலெக்ஸாண்டர் மனத்தால் வருகிற உடல் நோய்கள் என்று ஏழைப் பட்டியல் போட்டார். இரைப்பைப் புண், ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு, முடக்குவாதம், தோல் அழற்சி, தைராய்டு மிகை, பெருங்குடல் புண். நோயாளிகளின் அம்மாக்கள் எத்தனை பேர் எத்தனை மருத்துவர்களின் அறைகளில் குற்றவாளிகளாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப்பார்க்கிறேன். 1990இல் இந்த ஆய்வுகளையெல்லாம் வரிசையாக எடுத்துச் சோதித்தவர்கள், பெரும்பாலானவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான ஆட்களே இல்லை என்று கண்டார்கள். சரி, அது போகட்டும். எனக்கு முக்கியமாகப்படுவது இது: அந்த ஏழில் முடக்குவாதமும் தைராய்டு மிகையின் முக்கிய வகையும் பின்னால் ‘தன்னுடல் தாக்குநோய்’ என்ற புதுப் பட்டியலுக்கு மாறின. பெருங்குடல் புண்ணும் அவற்றின் பின்னாலேயே போனது. துறை மாறியது, வாக்கிய அமைப்பு மாறவில்லை. எழுவாயும் நீ, செயப்படுபொருளும் நீ.

*

புதுப் பட்டியல் பிறந்த வருஷம் 1956. பஃபலோவில் விட்டெப்ஸ்கியும் நோயல் ரோஸும் முயலுக்கு முயலின் தைராய்டையே ஊசியாகப் போட்டு அதன் தைராய்டு சிதைவதைக் காட்டினார்கள். லண்டனில் ராய்ட், டோனியாக் முதலானோர் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டார்கள். அதே 1956 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்குக் குரோன் நோயால் குடலடைப்பு ஏற்பட்டு அறுவை செய்தார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் நோயின் பெயர் ஊரெல்லாம் பரவியது அப்போதுதான்.

இதற்குக் கோட்பாடு கொடுத்தவர் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட். 1949இல் ஃபென்னரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் ‘தன்’, ‘தன் அல்லாதது’ என்ற இருமையை நோய் எதிர்ப்பியலின் மையக் கேள்வியாக வைத்தார். 1950களின் கடைசியில், தன்னைத் தாக்கக்கூடிய அணுக்குலங்கள் பிறப்புக்கு முன்பே அழிக்கப்படுகின்றன, தப்பிப் பிழைத்த ‘விலக்கப்பட்ட குலங்கள்’தான் இந்த நோய்களுக்குக் காரணம் என்றார். 1960இல் நோபல் பரிசு. இதே பர்னெட் 1947இல் ஆஸ்திரேலிய ராணுவத்துக்கு ஒரு ரகசியக் குறிப்பு எழுதியிருக்கிறார். ஜனத்தொகை மிகுந்த ஆசிய நாடுகள் படையெடுத்து வந்தால் அவர்களுடைய வெப்பமண்டலப் பயிர்களை அழிப்பதும், ஆஸ்திரேலியாவில் பரவாமல் அங்கே மட்டும் பரவக்கூடிய தொற்றுநோயை விடுவதும் பயனுள்ள எதிர்த்தாக்குதல் என்பது அதன் சாரம். 1998இல் அந்த ஆவணங்கள் வெளியே வந்தன. ஒரு மனிதரின் ராணுவக் குறிப்பை வைத்து அவருடைய உயிரியலைத் தள்ளிவிட முடியாது. அணுக்குலத் தேர்வுக் கோட்பாடு இன்றும் நிற்கிறது. ஆனால் உடம்பை எல்லையுள்ள தேசமாகவும், உள்ளே இருப்பவர்களைக் குடிமக்கள், அந்நியர்கள் என்று இரண்டே பிரிவாகவும் பார்க்கிற சொல்லாடல் எந்தக் காலத்தில், எந்தக் கடற்கரையில் நின்று பேசப்பட்டது என்பதை மறக்கவும் முடியாது. ‘வெப்பமண்டல’ ஆசாமியான எனக்கு நிச்சயமாக முடியாது.

இந்தச் சூழலில்தான் 1959இல் ஸ்டாக்ஹோமின் புரோபெர்கெரும் பெர்ல்மனும் அந்தக் கட்டுரையை வெளியிட்டார்கள். பெருங்குடல் புண் நோயுள்ள குழந்தைகளின் ரத்தத்தில், மனிதப் பெருங்குடலோடு வினைபுரிகிற எதிர்ப்பொருள் இருக்கிறது. பெருங்குடலை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரியவர்களின் குடலை எடுத்தால் அதில் பாக்டீரியா ஒட்டியிருக்கும், எதிர்ப்பொருள் குடலை அடையாளம் காண்கிறதா பாக்டீரியாவையா என்று சொல்ல முடியாது. ஆகவே, கிருமி குடியேறுவதற்கு முன்பே இறந்த சிசுக்களின் குடலை எடுத்தார்கள். டெய்லர் தன் செம்புக் கம்பியைச் சோதித்திருந்தால் எப்படியோ அப்படி. நான் படித்தவற்றிலேயே மிக நேர்மையான சோதனைகளில் ஒன்று இது. கொஞ்சம் மனசைப் பிசைகிற சோதனையும்கூட.

விடை: எதிர்ப்பொருள் குடலைத்தான் அடையாளம் கண்டது. அப்படியானால் தன்னுடல் தாக்குநோய், முடிந்தது கதை. ஆனால் அதே குழு தொடர்ந்து தோண்டியது. 1960களின் நடுவில் அவர்களே கண்டது: இந்த எதிர்ப்பொருள் குடலில் வாழ்கிற ஈ.கோலை பாக்டீரியாவின் ஓ14 என்ற வகையோடும் வினைபுரிகிறது. பாக்டீரியாவின் மேலுள்ள ஏதோ ஒன்றும் குடலின் ஏதோ ஒன்றும் சாடை ஒத்திருக்கின்றன. சண்டை தொடங்கியது யாரோடு? மேலும், எதிர்ப்பொருளின் அளவுக்கும் நோயின் கடுமைக்கும் பொருத்தம் இல்லை. காவல்நிலையத்தில் ஒரு ஆள் அடிபட்டுக் கிடக்கிறான், பக்கத்தில் ஒருவன் நிற்கிறான், நிற்கிறவன் அடித்தவனா சாட்சியா என்று தெரியவில்லை.

இந்தத் தயக்கம் பாடப்புத்தகத்துக்கு வரவில்லை. வந்தது மருந்து. 1940களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் முடக்குவாதத்துக்காக உருவாக்கிய சல்ஃபாசலசீன் குடல் புண்ணில் வேலை செய்தது. 1955இல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவும் விட்ஸும் கார்ட்டிசோன் வேலை செய்வதைக் காட்டினார்கள். 1960களில் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள், 1998இல் டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைப் பிடித்துவைக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப். எதிர்ப்பை அடக்கினால் நோய் அடங்குகிறது, ஆகவே எதிர்ப்பு தன்னையே தாக்கிக்கொண்டிருந்தது: இப்படி ஒரு தர்க்கம் மருத்துவர் அறைகளில் நிலைத்தது. இதில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. தெருச் சண்டையில் போலீஸ்காரரின் கையைக் கட்டினால் அடி நிற்கும்தான். அவர் தன் வீட்டாரை அடித்தாரா, பக்கத்துத் தெருக்காரரை அடித்தாரா என்பது அதிலிருந்து எப்படித் தெரியும்? மருந்துகளே இந்தத் தர்க்கத்தைக் கவிழ்த்தன. அதே டி.என்.எஃபைக் குறிவைக்கும் இட்டனர்செப்ட் முடக்குவாதத்தில் நன்றாக வேலை செய்கிறது. குரோன் நோயில் 2001இல் வெளிவந்த சோதனையில் எடுபடவில்லை. சொரியாசிஸில் அபாரமாக வேலை செய்கிற செக்குகினுமாப் மருந்தைக் குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, 2012இல் வந்த முடிவு, நோய் சிலருக்கு இன்னும் மோசமானது. அந்த மருந்து தடுக்கிற பொருள் குடலின் சுவரைக் காப்பதிலும் பங்கெடுக்கிறது என்று பின்னால் விளக்கினார்கள்.

*

1990களில் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. நான் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த அதே வருஷங்கள்.

1991இல் பெல்ஜியத்தின் லூவெனில் ருட்கீர்ட்ஸும் கூட்டாளிகளும் ஒரு எளிய விஷயத்தைப் பார்த்தார்கள். குரோன் நோயாளியின் கெட்டுப்போன குடலை வெட்டி இணைத்தால், இணைத்த இடத்துக்கு மேலே சீக்கிரமே மறுபடி புண் வரும். ஆனால் மலம் அந்த வழியாகப் போகாமல் வயிற்றில் வெளிவாய் வைத்துத் திருப்பிவிட்டால் வருவதில்லை. பின்னால், குடலில் ஓடுகிற அந்தத் திரவத்தை மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே அழற்சி. உடம்பு தன்னைத்தான் தாக்குகிறது என்றால், ‘தன்’ அங்கேயேதான் இருந்தது. வராமல் போனது ஓட்டம் மட்டும்.

1993இல் ஐ.எல்.10 என்ற, அழற்சியைத் தணிக்கும் பொருள் இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளுக்குத் தானாகவே குடல் அழற்சி வந்தது. அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் வரவில்லை. 1995இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் டூக்மனும் மற்றவர்களும் செய்த சோதனை எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப்படுகிறது. ஆரோக்கியமான மனிதரின் வெள்ளணுக்கள் இன்னொருவரின் குடல் பாக்டீரியாவைக் கண்டால் கொதிக்கின்றன, தன் குடல் பாக்டீரியாவைக் கண்டால் சும்மா இருக்கின்றன. நோய் தீவிரமாக உள்ளவர்களில் தன் பாக்டீரியாவைக் கண்டும் கொதிக்கின்றன. ‘தன் பாக்டீரியா’ என்ற தொடரை ஒரு தடவை நிறுத்திப் படியுங்கள். பர்னெட்டின் இலக்கணத்தில் இந்தத் தொடருக்கு இடமே கிடையாது. பாக்டீரியா என்றால் அந்நியன். ஆனால் உடம்பு அவனைத் தன்னவனாக வைத்துக்கொண்டிருக்கிறது. 2016இல் போட்ட கணக்குப்படி சராசரி மனிதனிடம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், சுமார் 30 லட்சம் கோடி சொந்த அணுக்கள். பெரும்பான்மை யார் என்ற கேள்வியை அரசியல்வாதிகளிடம் விட்டுவிடலாம்.

2001இல் குரோன் நோயோடு தொடர்புள்ள முதல் மரபணுவை, நாட்2, இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. எல்லோரும் எதிர்பார்த்தது மிதமிஞ்சிய எதிர்ப்பை. கிடைத்தது குறைபாடு. நாட்2 பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கை உணர்கிற பொருள். நோயாளிகளிடம் காணப்படும் மாற்றங்களில் அந்த உணர்வு மங்கிப்போகிறது. 2006இல் லண்டனில் ஆன்டனி சீகலின் குழு குரோன் நோயாளிகளின் கையில் செத்த ஈ.கோலையை ஊசியாகப் போட்டுப் பார்த்தது. மற்றவர்களுக்கு ரத்தம் குப்பென்று அங்கே பாய்கிறது, இவர்களுக்கு மந்தமாக இருக்கிறது. சீகல் இதை எதிர்ப்புக் குறைபாட்டு நோய் என்றே சொல்லிவருகிறார். முதல் காவல் தூங்கிவிடுவதால் ஊருக்குள் நுழைந்தவற்றோடு பின்வரிசை நெடுங்காலம் மல்லுக்கட்டுகிறது என்பது இந்தத் தரப்பு. 2009இல், ஐ.எல்.10இன் ஏற்பியில் பழுதோடு பிறந்து கைக்குழந்தையிலேயே கடும் குடல் அழற்சி கண்ட ஒரு குழந்தை, வேறொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த குருத்தணுக்களால் குணமானது. அந்நியருடைய அணுக்கள் உள்ளே வந்து சமாதானம் செய்துவைத்தன.

இவ்வளவையும் படித்தபின் நான் வந்துசேர்ந்த முடிவு, குறைந்தபட்சம் என் நோயான குரோன் விஷயத்தில், இதுதான்: தன்னுடல் தாக்குநோய் என்று சொல்ல ஆதாரம் போதாது. இது குடியிருப்பவர்களோடு வந்த தகராறு. வீட்டுக்காரனுமில்லை, திருடனுமில்லை. பிறந்த சில நாளில் வந்து ஒண்டிக்கொண்டு, சோற்றைப் பகிர்ந்து, வைட்டமின் தயாரித்துக் கொடுத்து, கூடவே கிழடாகிறவர்கள். அவர்களோடு இருந்த உடன்பாடு முறிந்திருக்கிறது. வீடு நடுவில் கிடந்து சேதமாகிறது. ஏன் முறிந்தது என்பதற்குப் பிறப்பில் வந்த மரபணுவும் காரணம், வாழ்கிற இடமும் காரணம். இங்கிலாந்தின் லெஸ்டரில் குடியேறிய இந்தியர்களிடம் பெருங்குடல் புண் நோய் வெள்ளையர்களைவிட அதிகமாக வருவதை 1992இலேயே எழுதினார்கள். ‘நம்ம ஊர்ல இதெல்லாம் கெடையாது’ என்ற நம்பிக்கையும் 2003இல் பஞ்சாபில் லட்சத்துக்கு 44 பேருக்கு அந்நோய் இருப்பதைக் கண்டபோது போய்விட்டது. மருத்துவ எழுத்துகளில் இப்போது ‘எதிர்ப்பு வழியாக வரும் அழற்சி நோய்’ என்று மழுப்பலாக ஒரு தொடர் புழங்குகிறது. மழுப்பல்தான், ஆனால் ‘தன்’ அதில் இல்லை. எனக்கு அது போதும்.

*

இங்கே நிறுத்தியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். 2021இல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து வந்த கட்டுரை விடவில்லை. பெருங்குடல் புண் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், குடலின் உள்தோல் அணுக்களில் இருக்கிற இன்டெக்ரின் ஆல்ஃபா-வி பீட்டா-6 என்ற பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது. மற்றவர்களிடம் மிக அபூர்வம். உள்தோல் அணுக்கள் தம் அடித்தளத்தைப் பற்றிக்கொள்ள உதவும் பொருள் அது. நோய் ஏறும்போது இதுவும் ஏறுகிறது. புரோபெர்கெர், பெர்ல்மனுக்குக் கிடைக்காத பொருத்தம் இது. 2023இல், அமெரிக்கப் படைவீரர்களிடம் எடுத்துச் சேமித்துவைத்திருந்த பழைய ரத்தத்தைச் சோதித்தபோது, நோய் தெரிவதற்குப் பத்து வருஷம் முன்பே சிலரிடம் அந்த எதிர்ப்பொருள் இருந்தது தெரியவந்தது. ‘புண் வந்ததால் எதிர்ப்பொருள் வந்தது’ என்று இனிமேல் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. நான் கேலி செய்த வாக்கியம், குரோனுக்குப் பொருந்தாவிட்டாலும், அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தக்கூடும். இரண்டு நோய்களையும் ஒரே பெயரில் கட்டி, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்ததே நாம் செய்த பிழையோ என்று படுகிறது.

அடுத்த நாற்காலி என்றதும் ஒரு பெண் ஞாபகம் வருகிறது. 2000த்தை ஒட்டி, அதே காத்திருப்புக் கூடத்தில் பழக்கமானவர். பெருங்குடல் புண், ஆறு மாதக் கர்ப்பம். “அண்ணே, என் உடம்பே என்னை அடிக்குதுன்னா, உள்ள இருக்கிறதையும் அடிக்காதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போது பாதிப் பதில் உண்டு. இந்த எதிர்ப்பொருளில் பெரும்பகுதி நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடிய ரகம். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோயில் தாயின் எதிர்ப்பொருள் தாண்டிப்போய், சில குழந்தைகள் பிறந்து சில வாரம் துவண்டு கிடப்பதுண்டு. தைராய்டு மிகையிலும் அப்படி உண்டு. எதிர்ப்பொருளே குற்றவாளி என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி கிடையாது. பெருங்குடல் புண் உள்ள தாய்மாரின் குழந்தைகள் வழக்கமாக அப்படிக் குடல் புண்ணோடு பிறப்பதில்லை. எதிர்ப்பொருள் மட்டும் போதாது, குடியிருப்பவர்களும் வந்து சேர்ந்தால்தான் சண்டை மூளும் என்பதாலோ என்னவோ. இது என் ஊகம்தான். பிறக்கிற குழந்தையின் குடலில் அவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள், ஸ்டாக்ஹோம் சிசுக்களின் குடலைப் போல.

அவருக்குப் பையன் பிறந்தான். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், வேலைக்குப் போகிறான். அம்மா பந்தியில் என் இலையை எட்டிப் பார்த்து, “நீங்க அப்பளத்தத் தொடக்கூடாதே அண்ணே” என்றார். அவனுக்கு மூன்றாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.